அவருக்குப் பாதி, எனக்குப் பாதி

முதலில் என் மகளின் பசியைச் சொல்லிவிடுகிறேன். இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் முதல் மாதத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பிள்ளைகளுக்கு அகோரப் பசியைக் கிளப்பிவிடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிற டிபனை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிற பிள்ளை அது. அந்தப் பிள்ளை விடிந்தும் விடியாமலும் எழுந்து உட்கார்ந்து, "எனக்குக் கறிதோசை வேணும்" என்றது. கடையில் வாங்கித் தர முடியாது, வெளிச்சாப்பாடு அறவே ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று கறிதோசை சுடக் கற்றுக்கொண்டார். கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற மனுசன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது, அடுத்தது கருகியது. அதற்கடுத்ததைத் தின்று முடித்து, விரலையும் சூப்பிவிட்டு, "அப்பா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பிவிட்டது. தலையில் முடி இல்லை. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் எங்கே அடுத்த சாப்பாடு என்று தேடிக்கொண்டிருக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். அந்த நேரத்தில் எப்படிச் சிரிப்பு வரும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரும். வராவிட்டால் செத்துப்போவோம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வகுப்பில் என் குரல் மூன்றாவது அறை வரைக்கும் கேட்கும் என்று சக டீச்சர்கள் சொல்வார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சொந்த ஊர் திருவாதவூர். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள்தான் எல்லோரும். என் அப்பா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் வயல் வந்தது, என் காலத்தில் ஒரு டிகிரி வந்தது. கல்லூரியில் படிக்கும்போதே மரபணுப் பாடத்தில், நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்புக் கூடும் என்று படித்துப் பரீட்சையும் எழுதினேன். எழுதிவிட்டு வந்து, கட்டினால் என் அத்தை மகனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கும், வேறு காரணம் கிடையாது. என் அப்பா கூடப்பிறந்த அத்தையின் மகன் அவர். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் மச்சான்தான், பின்னாலும் மச்சான்தான்.

மகளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் கோரிப்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான். கால் வலிக்கிறது என்று மாடிப்படி ஏற மாட்டேன் என்றாள். சும்மா சொல்கிறாள், தூக்கிக்கொண்டு போக வைக்க நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்தோம். தொடையிலும் முதுகிலும் அடிபடாமலே கன்றிப்போன நீலம் தெரிந்த அன்றைக்குத்தான் இது நாடகம் இல்லை என்று புரிந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஆமா சார், அத்தை மகன்" என்றேன்.

"படிச்சிருக்கீங்க, டீச்சர்ங்கிறீங்க. சொந்தத்துல கட்டிக்கிட்டு இப்பப் புள்ளையத் தூக்கிட்டு வந்தா நாங்க என்ன பண்றது?"

அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கிற என் வாய் அன்றைக்கு அடைத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் மகள் என் வீட்டுக்காரர் மடியில் தூங்கினாள், நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் புற்றுநோய்க்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். அதட்டாமல் பேசுகிற மனுசி. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். நான் உள்ளே மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே உட்கார்ந்து வீட்டு விவரங்களையெல்லாம் டாக்டர்களிடம் சொன்னது என் வீட்டுக்காரர். அங்கே என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. பெயர், வயது, ஊர், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

நோய் இன்னதென்று உறுதியானதும் டாக்டரம்மா என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். சிறுபிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், மருந்துக்கு நன்றாக அடங்கக்கூடியது என்றார். எந்த அளவுக்கு மருந்து என்பதை முடிவுசெய்ய மஜ்ஜையின் டி.என்.ஏ.வையும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். டீச்சர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். எந்த மரபணுவும் நம்மிடம் பெரும்பாலும் இரண்டு பிரதியாக இருக்கும், அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. புற்று பிடித்த அணுக்களில் சில நேரம் மரபணுவில் ஒரு துண்டு அறுந்து காணாமல் போய்விடும். வெள்ளை அணு ஒழுங்காக வளர்ந்து முதிரக் காவல் இருக்கிற ஒரு மரபணு இருக்கிறது, இக்காரோஸ் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் துண்டு போயிருந்தால் நோய் ஒருமுறை அடங்கினாலும் திரும்பி வரும் ஆபத்து கூடுதல். அப்படியானால் மருந்தை வீரியமாக்க வேண்டியிருக்கும்.

கண்டுபிடிக்கும் விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மரபணுவின் ஒவ்வொரு இடத்துக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டைச் செய்து உள்ளே விடுவார்கள். அது தேடிப்போய் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் இருக்கிறது என்று அர்த்தம். நோயில்லாதவர்களின் டி.என்.ஏ.வையும் கூடவே வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்று என்று வந்தால் இரண்டு பிரதியும் இருக்கிறது. பாதி வந்தால் ஒரு பிரதி போய்விட்டது. பூஜ்யம் வந்தால் இரண்டுமே இல்லை. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள்தான் நான். சொந்தப் பிள்ளையின் மஜ்ஜையில் நடக்கும்போது படம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதம் ஊசியும் மாத்திரையும் கறிதோசையுமாகக் கழிந்தது. மாதக் கடைசியில் மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். முடிவைக் கேட்க நாங்கள் இரண்டு பேரும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனோம்.

"மஜ்ஜை சுத்தமா வந்திருக்கு டீச்சர்" என்றார். "மொத மாசத்துலயே நோய் நல்லா அடங்கியிருக்கு."

நான் கும்பிட்டுவிட்டேன். அவரோ அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா ஜீன் டெஸ்ட்டுல ஒண்ணு வந்திருக்கு. அந்த இக்காரோஸ்ல ஒரு எடத்துல ரெண்டு பிரதியும் இல்லன்னு காட்டுது. லேப்ல மறுபடியும் ஓட்டிப் பாத்துட்டாங்க. அப்பவும் பூஜ்யம்தான்."

என் வீட்டுக்காரருக்குப் பூஜ்யம் என்றால் என்னவென்று புரியவில்லை, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"இது நெசமா இருந்தா நோய் திரும்பி வர்ற ஆபத்து ஜாஸ்தி. மருந்த மாத்தணும். அந்த மருந்து பிள்ளைக்கு ரொம்பக் கடுமையா இருக்கும். மஜ்ஜை மாத்துறதப் பத்திக்கூடப் பேச வேண்டியிருக்கும்."

பரீட்சை பேப்பர் திருத்தித் திருத்தி எனக்கு ஒரு பழக்கம், யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வேன். "நெசமா இருந்தான்னா? நெசமா இல்லாமயும் இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"லேப் டாக்டருக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு. இந்த மரபணுவுல துண்டு போனா, பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எடமெல்லாம் சேந்துதான் போகும். இங்க ஒரே ஒரு எடம் மட்டும் இல்ல, அக்கம்பக்கம் எல்லாம் முழுசா இருக்கு. பொறப்புலயே அந்த எடத்துல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்படிப் பூஜ்யம் காட்டும், அது ஒரு நோயும் இல்ல. ஆனா அதுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டயும் அதே அபூர்வமான மாற்றம் இருக்கணும். சொந்தத்துல கட்டுனவங்கன்னா அப்படி வரும். நீங்கதான் வெளிச் சம்பந்தமாச்சே. அதனால அதுக்கு வழியில்லன்னு முடிவு பண்ணாங்க."

"யாரு வெளிச் சம்பந்தம்?"

"நீங்க ரெண்டு பேரும்தான். மொத நாள் கேட்டப்ப சார்தான் சொன்னாரு. சொந்தம் இல்லன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் பதித்திருந்த கல்லை எண்ணிக்கொண்டிருந்தார். ஆத்தாடி, எனக்கு வந்த கோபத்துக்கு அது ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோனது.

"என்ன மச்சான் சொல்லி வச்சிருக்கீக? அத்தை மகன்னு சொல்ல வாய் வலிக்குதா உங்களுக்கு? பொண்டாட்டிய ஊர் பேர் தெரியாத இடத்துலருந்து கட்டிக்கிட்டு வந்தீகளோ?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "மச்சானா?"

"சொந்த மச்சான்தான் டாக்டர்! எங்கப்பா கூடப்பொறந்த அத்தை பெத்த மகன். ரெண்டு வீடும் ஒரே தெரு. இதுக்கு மேல என்ன சொந்தம் வேணும்?"

சொல்லி முடித்ததும்தான் பயம் வந்தது. இனி இந்த அம்மாவும் அந்த நர்சிங் ஹோம் டாக்டர் மாதிரி ஆரம்பிக்கப் போகிறார், படித்தவள்தானே, டீச்சர்தானே என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. உடனே போனை எடுத்து லேப் டாக்டரைக் கூப்பிட்டார். "சார், அந்தப் பாப்பா கேஸ். சொந்தமாம். ஆமா, நேர் அத்தை மகன். நாளைக்கே ரெண்டு பேரையும் அனுப்பிவைக்கிறேன்."

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது, திட்டுவதே தேவலை என்பார்.

"திட்டீரு புள்ள" என்றார்.

"எதுக்குச் சொன்னீக அப்படி?"

சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்த நர்சிங் ஹோம்ல அந்தாளு சொன்னப்ப நீ ஒண்ணும் பேசல. பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்த. நான் பாக்கலன்னு நெனச்ச. இன்னொருத்தன் வாயால அத நீ கேக்கக் கூடாதுன்னுதேன் சொன்னேன். இம்புட்டுத் தூரம் வரும்னு எனக்கென்ன தெரியும்?"

அடப்பாவி மனுசா என்று நினைத்தேன். கோபம் கோபமாகவே இருந்தது, அதற்குள்ளேயே அவர் மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் பொண்டாட்டியைப் பிடிக்கும் என்று எவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இவர் என்னடா என்றால் அதற்காக டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். "போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க மச்சான்" என்றேன். ஓடினார்.

மறுநாள் மகளை வீட்டுக்கார அக்காவிடம் விட்டுவிட்டு லேபுக்குப் போனோம். வீட்டுக்கார அக்கா என்றால், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், கீழே இருக்கிறார். மகளுக்கு நோய் வந்த நாளிலிருந்து, மாடிக்கு வருவதானால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் வருவார். லேபில் முதலில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள், பிறகு அவருக்கு. குடம் செய்கிற மெஷினில் சூடு பட்டாலும் அசராத மனுசன், ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சிகிச்சைக்குப் பின் மஜ்ஜை சுத்தமான நாளில் மகளுக்கு எடுத்த இரத்தமும் அங்கே ஏற்கெனவே வந்திருந்தது.

லேப் டாக்டர் வயதில் சின்னவர். "இப்ப நாங்க என்ன பாக்கப் போறோம்னு சொல்றேன்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். எனக்குப் புரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. "உங்க தெருவுல ஒரு வீடு தேடி ஆள் அனுப்புறீங்கன்னு வைங்க. வாசல்ல வேப்பமரம் நிக்கிற வீடுன்னு அடையாளம் சொல்லி அனுப்புறீங்க. அந்த மரத்த என்னைக்கோ வெட்டிட்டாங்க. போனவன் மரத்தக் காணோம்னு திரும்பி வந்து, அப்படி ஒரு வீடே இல்லன்னு சொல்றான். வீடு அங்கதான் இருக்கு. எங்க டெஸ்ட்டும் அப்படி ஏமாந்திருக்கலாம்."

"அப்ப வேற அடையாளம் சொல்லி அனுப்புனா கண்டுபிடிச்சிரலாமுல்ல சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதேதான்ணே. அதையும் செய்யப் போறோம்."

இன்னொன்றும் சொன்னார். அந்த இடம் காணாமல் போனது நோயின் வேலையாக இருந்தால், நோய் அடங்கிய பிறகு எடுத்த இரத்தத்தில் பூஜ்யம் மறைந்துவிட வேண்டும், ஏனென்றால் அது நல்ல அணுக்களின் இரத்தம். பிறப்பிலேயே வந்த எழுத்து மாற்றம்தான் என்றால், சுத்தமான இரத்தத்திலும் அதே பூஜ்யம் வரும். அப்பாவிடமும் அம்மாவிடமும் பாதிப் பாதி காட்டும். அதனால் மகளுக்கு மறுபடி பூஜ்யம் வந்தால்தான் நல்லது என்றார். நான் மூன்று தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

என் சர்வீஸில் எந்தப் பிள்ளைக்காவது பூஜ்யம் போட்டால் மறுநாள் அப்பனும் ஆத்தாளும் சண்டைக்கு வந்து நிற்பார்கள். என் பிள்ளைக்குப் பூஜ்யம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளும் காலம் வரும் என்று யார் கண்டது! வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்கார அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"என்னன்னு சொன்னாக டீச்சர்? துவாவுல என்ன கேக்கணுமோ சொல்லுங்க, அதையே கேக்குறேன்."

"பூஜ்யம் வரணும்னு கேளுங்கக்கா."

"ஏ அப்பா! அல்லாகிட்ட முட்ட மார்க்கு கேட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, நிசமாகவே கேட்கப் போகிறவர் மாதிரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

காத்திருந்த நாட்களை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த நாட்களில் நான் நல்ல மனுசியாக இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். பால்காரரிடம் சண்டை போட்டேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சண்டை போட்டேன். திருவாதவூரிலிருந்து போன் செய்த சொந்தக்காரி ஒருத்தி, "எல்லாம் நெருங்குன சொந்தத்துல கட்டுனதாலதான்னு பேசிக்கிறாக" என்றாள். "பேசுறவுகள என்கிட்ட ஒரு தடவ பேசச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். வகுப்பில் நானே நடத்துகிற பாடம்தானே அது. அவள் சொன்னது பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் ஆசைப்பட்டுக் கட்டிய கல்யாணம் என் பிள்ளையின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டதோ என்று அப்போது எண்ணாத நாள் இல்லை.

அடுத்த கட்ட மருந்துக்குப் போன அன்று டாக்டரம்மா எங்களை அறைக்கு வரச் சொல்லவில்லை. வார்டுக்கே வந்துவிட்டார், நடையில் வேகம் இருந்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். மாத்திரை நின்று பசி குறைந்திருந்தாலும், சாப்பாட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.

"பாப்பாவுக்குப் பூஜ்யம்" என்றார் டாக்டரம்மா.

தெரிந்த விஷயம்தான், லேப் டாக்டர் அத்தனை விளக்கமாகச் சொன்னதுதான். இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அது நல்லதா கெட்டதா என்று குழம்பிவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பூஜ்யம் டீச்சர், நல்ல பூஜ்யம். சுத்தமான ரத்தத்துலயும் அதே பூஜ்யம். சாருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. வேற வழியில எழுத்து எழுத்தா வாசிச்சும் பாத்துட்டாங்க. ரெண்டு பிரதியும் முழுசா இருக்கு, ஒரு துண்டும் போகல. ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அது ஒண்ணும் செய்யாத எழுத்து. வீடு அங்கயேதான் இருக்கு. மருந்த மாத்த வேண்டாம், இப்ப போற வழியிலயே போகலாம்."

நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். என் மகள் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, "ஊசி எனக்குத்தான போடப் போறாங்க, நீ எதுக்கு அழுகுற?" என்றாள். அதைக் கேட்டதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

போகத் திரும்பிய டாக்டரம்மாவை நிறுத்தி, அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "டாக்டர், இவளுக்கு இந்த நோய் வந்தது நாங்க சொந்தத்துல கட்டுனதாலயா?"

"இல்லம்மா. சொந்தத்துல கட்டுனா வர்ற நோய் வேற. அது நெறைய இருக்கு, நீங்களே பாடம் எடுப்பீங்க. இது அப்படி நீங்க குடுத்து வந்ததில்ல. இவ மஜ்ஜையில ஒரு அணு பெருகுறப்ப எங்கயோ தப்புப் பண்ணிருச்சு. யார் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். நீங்க ரெண்டு பேரும் சேந்து இவளுக்குக் குடுத்தது அந்த ஒரு எழுத்துதான்."

அவர் போன பிறகு நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். வார்டில் காணோம். வராந்தாக் கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கழுவினாலும் கண் சிவப்புப் போகவில்லை. அந்த நர்சிங் ஹோமிலிருந்து திரும்பிய நாள் முதல் ஆஸ்பத்திரிகளில் நான் அவரை மச்சான் என்று வாய்நிறையக் கூப்பிட்டதில்லை. டாக்டர் அறையில் கோபத்தில் வாய்தவறி வந்ததும், வராந்தாவில் மெதுவாகக் கூப்பிட்டதும் தவிர, எங்கும் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். யார் காதிலாவது விழுந்து மறுபடி அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்று பயம். அன்றைக்கு வராந்தாவின் இந்தக் கடைசியில் நின்று, வகுப்பில் கூப்பிடுகிற குரலில், "மச்சான்!" என்று கூப்பிட்டேன். வாட்ச்மேன் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. மாத்திரை தொடர்கிறது, அவ்வப்போது ஊசிக்காக ஒருநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருந்துவிட்டு வர வேண்டும், இன்னும் கொஞ்ச காலத்துக்கு இந்த வாழ்க்கைதான். கறிதோசையை இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, டிபனை மறுபடி அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். அதற்காக அவளைத் திட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். நானும் வேலைக்குத் திரும்பி அந்தப் பாடத்தை நடத்தினேன். சொந்தத்தில் கட்டினால் வரக்கூடிய நோய்களை ஒன்றுவிடாமல் சொன்னேன், பாடப்புத்தகம் சரியாகத்தான் சொல்கிறது. கூடவே, பிள்ளைக்கு என்ன நோய் என்று தெரியும் முன்னே பெற்றவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கத்தியாக வீசக் கூடாது என்றும் சொன்னேன். நாளைக்கு டாக்டராகப் போகிற பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

போன வாரம் ஊசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் புதிதாக ஒரு டாக்டர், படித்து முடித்துவந்த பையனாட்டம் இருந்தார். வழக்கமான விவரங்களையெல்லாம் முதலிலிருந்து கேட்டார். பெயர், வயது, எடை. பிறகு தலையைக் குனிந்தபடியே, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். வீட்டில் யார் கூப்பிட்டாலும் ம் என்று மட்டும் பதில் சொல்கிற மனுசன். "ஆமா சார். சொந்தம். சொந்தத் தாய்மாமன் மகள். சின்னதுலருந்தே எனக்குத்தேன்னு பேசி வச்சது" என்றார். அந்த வார்டு முழுக்கக் கேட்டது.

அந்தச் சின்ன டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி. பாப்பாவுக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.